வாயைத் திறந்து வைத்த சனிக்கிழமை

1966 மார்ச் 12, சனிக்கிழமை, பிற்பகல் ஒன்று இருபது. காற்றில்லை, மேகமில்லை. சுவர் வெப்பமானியில் முப்பத்தைந்து. இடது கண்ணோரத்தில் வெளிச்சம் நெளிய ஆரம்பித்தது. இன்னும் இருபது நிமிடத்தில் ஒற்றைத் தலைவலி வந்துவிடும். சைகோனுக்கு வந்த ஒன்பது ஆண்டுகளில் இது இருநூற்றுப் பதின்மூன்றாவது. ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்து வைத்திருந்தேன்.

மூன்று மணிக்கு டான் சோன் நியட் விமான நிலையத்தில் விமானம் இறங்கும். அதில் என் மனைவி வருகிறாள், காரைக்காலுக்குப் போய் நான்கு ஆண்டு, ஒரு மாதம், ஆறு நாள் கழித்து! அவள் புறப்பட்ட அன்று எனக்கு இதே வலி. கண்ணில் ஈரத்துணியோடு இருட்டறையில் கிடந்தேன். அவள் தனியாகத் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறினாள். அதற்குப் பிறகு வந்த முப்பத்தோரு கடிதங்களிலும் அதைப் பற்றி ஒரு வரியாவது இருந்தது. இன்றும் நான் போய் நிற்காவிட்டால்?

என்னோடு அறையில் தங்கியிருந்தவர் எங்கள் ஊர்க்காரர், துணிக்கடையில் விற்பனையாளர். என் முகத்தைப் பார்த்ததும் வெளியே ஓடினார். பார்வையற்ற வியட்நாமியப் பெரியவர் ஒருவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். உடம்பு பிடித்துவிடுவது அவர் தொழில்.

“அண்ணே, இவரு கைய வச்சா போதும், பறந்துடும்.”

“கை கழுவினாரா? நகம் வெட்டியிருக்காரா?”

“பொண்ணா பாக்க வந்திருக்காரு? படுங்கண்ணே!”

படுத்தேன். பச்சைத் தைலம் மணந்தது. பெரியவரின் இரண்டு கட்டைவிரல்களும் பிடரியில், மண்டை ஓடு முடிகிற இடத்தில் இறங்கின. அங்கே கழுத்துச் சதை கயிறு மாதிரி முறுகியிருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எதையோ உடைத்துவிடுவாரோ என்று பயம். ஒவ்வொரு அழுத்தத்தையும் மனதுக்குள் எண்ணினேன். தோள், கழுத்து, நெற்றிப்பொட்டு. நாற்பத்தொன்றில் கை நின்றது.

“என்ன எண்ணிக்கிட்டு இருக்கீங்க?” என்று பெரியவர் வியட்நாமிய மொழியில் கேட்டார்.

தூக்கிவாரிப் போட்டது. என் உதடுகூட அசையவில்லையே!

“ஒவ்வொரு எண்ணுக்கும் பல்லைக் கடிக்கிறீங்க. நெற்றிப்பொட்டுல விரலுக்கடியில எனக்குத் தெரியுது. நான் ஒரு முடிச்ச அவிழ்த்தா நீங்க ஒண்ணு போடுறீங்க.”

ஊர்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “தூக்கத்துலயும் நறநறன்னு கடிக்கிறாருங்க. கனவுல கணக்கு டேலி ஆகலபோல!”

“வாயைத் திறந்து வைங்க. மூடக்கூடாது,” என்றார் பெரியவர்.

முப்பத்தெட்டு வயதுக் குமாஸ்தா, மீன் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். நாற்பத்திரண்டு என்று எண்ணப் பார்த்தேன், வரவில்லை. பல்லோடு பல் சேராமல் எண்ணவே எனக்குத் தெரியவில்லை! கன்னச் சதையை அவர் காதை நோக்கி வழித்துவிட்டார். காதுக்குள் ஏதோ திறந்தது. வலி வந்தது, வந்து, புருவத்துக்கு மேல் புளியங்கொட்டை அளவில் நின்றுவிட்டது. குமட்டல் இல்லை. ஜன்னலைப் பார்த்தேன், வெளிச்சம் குத்தவில்லை.

“அண்ணே, மணி ரெண்டே கால்!”

சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினேன். முதலில் வந்த டாக்ஸியில், எவ்வளவு என்று கேட்காமல் ஏறினேன். வழியெல்லாம் ராணுவ லாரிகள், அவற்றையும் எண்ணவில்லை. வாயைத் திறந்தே வைத்திருந்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

கம்பித் தடுப்புக்கு முன்னால் போய் நின்றதும் கதவு திறந்தது. மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். பிறகு பக்கத்தில் வந்து முகர்ந்தாள்.

“என்னங்க இது, தலையெல்லாம் தைலம்? இன்னிக்குமா? நிக்க முடியுதா?”

“முடியுது.”

“அப்ப பெட்டியத் தூக்குங்க.”

தூக்கினேன். இரண்டு கையிலும்.

பிடித்துவிட்டவருக்கு எண்பது. கேட்காமல் ஏறிய டாக்ஸிக்கு நூற்றைம்பது. மொத்தம் இருநூற்று முப்பது பியாஸ்தர்.