எண்பத்தேழுக்கு ஒரு நன்றிப் பூசை

கில்பர்ட் தங்கமான மனிதர்தான், ஆனால் ஓட்டை வாய். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அவர் காதில் ஒரு செய்தி விழுந்தால், அவர் பால் பூத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவரிடம்தான், இரண்டாயிரத்து ஐந்தாம் வருட ஜனவரியில், எம்.பி.ஏ. நுழைவுத்தேர்வான கேட் முடிவை பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு வந்த மகள் மௌரீன், "எண்பத்தேழு வந்திருக்கு டாடி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். அழுவதற்கு அந்த வீட்டில் வேறு இடம் கிடையாது.

எண்பத்தேழு பர்சன்டைல் என்றால் நூற்றுக்கு எண்பத்தேழு மார்க் இல்லை. எழுதியவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அவளுக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று அர்த்தம். லட்சத்துக்கு மேல் எழுதுகிற பரீட்சையில் அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பாவம், கில்பர்ட்டுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணியவர். அவர் காதுக்கு எண்பத்தேழு என்பது டிஸ்டிங்ஷன். நேரே மாதா கோயிலுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் நன்றி சொல்லப் பேர் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

பூசை தொடங்குமுன் சாமியார் மைக்கில் வாசித்தார். மகள் மௌரீன் எம்.பி.ஏ. தேர்வில் வெற்றி பெற்றதற்கு நன்றியாக, கில்பர்ட் குடும்பத்தார். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது மௌரீனுக்கு. பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு டோரதி ஆன்ட்டி கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். பாட்டுக் குழுவிலிருந்த நோயல், எந்த காலேஜ் என்று கேட்டான். பார்க்கலாம் என்று மழுப்பினாள். பக்கத்தில் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அங்கேயே அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. வெட்கங்கெட்ட வழி. மறுபடி எழுதாமல் விட்டுவிட்டால் போதும். இடம் கிடைக்கும்தான், வேலையை விட மனசில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஊர் நம்பும். அப்பா கடைசிவரை தலைநிமிர்ந்து நடப்பார். மறுபடி எழுதுவதென்றால், முதலில் தோற்றுவிட்டேன் என்று அவரிடம் சொல்லியாக வேண்டும்.

ஆனால் ஆசை விட்டால்தானே! ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட் கம்பெனியில் அவளுக்கு பில்லிங் வேலை. ஒருமுறை முதலாளி ஏதோ சாம்பிள் கொடுத்துவரச் சொல்லி, பன்னேர்கட்டா ரோட்டு ஐ.ஐ.எம்.முக்கு அவளை அனுப்பினார். கருங்கல் சுவர்கள், மேலே கொடி படர்ந்த நீள நீள நடைவழிகள். படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, ஒரு சோப்புக் கம்பெனி ஏன் மூழ்கியது என்று அடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நிமிர்ந்து, வா, வந்து உட்கார் என்று இந்தியில் கூப்பிட்டாள். மௌரீன் ஓரடி எடுத்து வைத்துவிட்டாள். கூப்பிட்டது அவளுக்குப் பின்னால் வந்த பெண்ணை. அந்த ஓரடிதான் அவளைப் படாத பாடு படுத்தியது. பஸ்ஸில், ஆபீசில், கம்ப்யூட்டர் முன்னால், எங்கே இருந்தாலும் மனசு போய் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டது. அப்படி ஏங்கினாள்.

அந்தப் பூசைக்குப் பிறகு வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கில்பர்ட் மறுநாள் பூசைக்குச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் அவருக்குப் பிடிபடவில்லை.

"பதிமூணு பேருதானே முன்னாடி?"

"நூத்துக்குப் பதிமூணு டாடி. மொத்தமாப் பாத்தா ஆயிரக்கணக்குல இருக்காங்க. எனக்கு எடம் கெடைக்காது."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கோயிலில் வாசிக்க வைத்துவிட்டேனே என்று முனகினார். ஸ்விட்சை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இப்பவும் ஒனக்கு அது வேணுமாம்மா?"

இதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. கிடைக்குமா என்றுதான் எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

"வேணும் டாடி. ரொம்ப வேணும்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மறுநாள் பூசை முடிந்ததும் கில்பர்ட் கோயில் வாசலில் நின்றுகொண்டார். போன வாரம் கைகுலுக்கியவர்கள் ஒருவரையும் விடவில்லை. எம் பொண்ணுக்கு இந்தத் தடவை கிடைக்கவில்லை, நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன், மறுபடி எழுதப்போகிறாள் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். டோரதி ஆன்ட்டி ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள். அவர் நிற்காமல் நோயலிடம் போனார். காது மடல் சிவந்திருந்தது, குரல் மட்டும் இறங்கவில்லை.

மௌரீன் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கிடைக்காவிட்டால் இந்த மனிதர் இதே வாசலில் இன்னொரு தடவை இப்படி நிற்க வேண்டிவரும். ஆனாலும் அவளுக்கு அந்த இடம் வேண்டியிருந்தது.