அஸ்ரியா உட்கார்ந்த சஹன்

கற்பிட்டியிலிருந்து ஆலங்குடா வரைக்கும் கலியாணம் வைத்திருக்கிறவர்கள் இறைச்சிக்காரனைப் பேசுவதற்கு முன்னால் அஸ்ரியாவைப் பேசிக்கொள்வார்கள். சமைப்பதற்கு அல்ல, அதற்கு ஆண்கள் வருவார்கள். அஸ்ரியாவைக் கூப்பிடுவது பெண்கள் பக்கத்தில் சஹன் வைப்பதற்கு.

பெரிய தட்டத்தில் குவித்த நெய்ச்சோற்றைச் சுற்றி ஆறு பேர் பாயில் உட்கார்ந்து, ஒரே தட்டத்தில் கை வைத்துச் சாப்பிடுவதுதான் சஹன். ஆறு பேர் சேராத இடத்துக்குத் தட்டம் வராது. யாரை யாரோடு இருத்துவது என்பது லேசுப்பட்ட காரியமில்லை. காணிச் சண்டையில் முகம் பாராமல் இருக்கிற மச்சிமாரை ஒன்றாகப் போட்டால் சோறு அப்படியே கிடக்கும். பல்லில்லாத ஒருத்தியை ஐந்து குமர்ப்பிள்ளைகளோடு போட்டால் அவள் பட்டினியாக எழும்புவாள். அஸ்ரியா வாசலோரம் நின்று எல்லாரையும் பார்ப்பாள். பிறகு ஒருத்தியின் தோளைத் தொடுவாள், இன்னொருத்திக்குக் கண்ணைக் காட்டுவாள். வாய் திறப்பது குறைவு. நாலு பேர் பார்க்கப் பேசினாலே அவளுக்கு முகம் சிவந்துவிடும். ஆனாலும் அவள் இருத்திய பாயிலிருந்து யாரும் கோபித்துக்கொண்டு எழும்பியதில்லை.

அவள் மட்டும் ஒருநாளும் சஹனில் உட்கார்ந்தது கிடையாது. கூட்டமெல்லாம் சாப்பிட்டு முடிந்த பிறகு அடுப்படியில், குசினிச் சுவரைப் பார்த்துக்கொண்டு தனிச் சாப்பாட்டுக் கோப்பையில் சாப்பிடுவாள். அடக்கம் என்று ஊர் சொல்லும். காரணம் வேறு.

தொண்ணூறில், சண்டைக் காலத்தில், மன்னாரிலிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது அவளுக்குப் பத்து வயதிருக்கும். வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியதோடு பள்ளிக்கூடமும் முடிந்தது. ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில் உள்ளூர் வீடொன்றில் கலியாணத்துக்குக் கூப்பிட்டார்கள். உம்மாவும் அவளும் இருந்ததில் நல்ல உடுப்பாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போய்ப் பாயில் உட்கார்ந்தார்கள். வந்த பெண்கள் அவர்களைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், அடுத்த பாய்க்குப் போனார்கள். யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தால் தட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் உம்மா, "எழும்பு மகள், எனக்கு வயிறு சரியில்ல" என்று அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அவர்கள் போனது அந்த வீட்டாருக்குத் தெரிந்திருக்கவும் மாட்டாது. அன்றைக்குப் பிறகு கலியாண வீடுகளில் அஸ்ரியா நின்றுகொண்டே இருக்கப் பழகிக்கொண்டாள். நிற்கிறவளுக்கு யாரும் இடம் தர வேண்டியதில்லை.

போன வருடம் ஆலங்குடா ஆசியா உம்மாவின் இளைய மகள் நப்லாவுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை புத்தளம் டவுன். முதல்நாள் பின்னேரம் பந்தலுக்குக் கீழே பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தியின் போனில் செய்தி போய்க்கொண்டிருந்தது.

"பொம்பளையும் பொம்பளையும் முடிக்கிறதுக்குச் சட்டம் வரப்போகுதாம்" என்றாள் ஒருத்தி.

"முடிக்கிறதுக்கு இல்ல. ஜெயிலுக்குப் போடுற சட்டத்த எடுக்கிறதுக்குத்தான் கதைக்கிறாங்க" என்றாள் ஜெஸீமா. அவள் கடற்கரை ஹோட்டலில் துணி கழுவுகிறவள், நாலு இடத்துக் கதையும் அவளிடம் வரும்.

"இண்டைக்கு ஜெயில் வேணாம் எண்டுவாங்க. நாளைக்கு நிக்காஹ் கேப்பாங்க" என்றாள் றிஸானா. அவள் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவள். குரலை உயர்த்தாமலே ஆட்களை அடக்கத் தெரிந்தவள். "ஆரையும் அடிக்கச் சொல்லல்ல, ஜெயில்ல போடச் சொல்லல்ல. ஆனா பாவத்துக்குக் கதிரை போட்டு உட்கார வைக்க ஏலாது."

"எங்கட ஹோட்டலுக்கு அப்பிடி ரெண்டு வெள்ளைக்காரப் பொம்பளைகள் வந்தாங்க. மோதிரமெல்லாம் போட்டு, முறையா முடிச்ச ஆக்களாம். நானும் என்னமோ எண்டு பாத்தன். எல்லாரையும் போலதான் துவாய அழுக்காக்கினாங்க."

வெங்காயத்துக்கு அழுத கண்களோடு எல்லாரும் சிரித்தார்கள். றிஸானாகூடச் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டாள்.

"நீங்க என்ன சொல்லுறீங்க, அஸ்ரியா ராத்தா?" என்று ஜெஸீமா கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்" என்றாள் அஸ்ரியா.

தெரியாமலில்லை. நிக்காஹ் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இறைவன் வைத்தது, அதை மாற்றக் கேட்பது சரியில்லை என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் அந்தப் பேச்சு எந்தத் திசைக்குப் போகிறது என்று அவளுக்கு விளங்கியது. ஆசியா உம்மாவின் மூத்த மகள் றிஃப்னா முந்தலில் தையல் தைக்கிறாள். இறால் பண்ணையில் வேலை செய்கிற நஸ்லாவோடு பல வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். கூட்டாளிமார் என்று முதலில் ஊர் சொன்னது. பிறகு ஒன்றும் சொல்லாமல் விட்டது. றிஃப்னாவுக்கு இழுப்பு வரும். அதற்கு இழுக்கிற மருந்து எப்போதும் நஸ்லாவின் பையில்தான் இருக்கும் என்பதை அஸ்ரியா கண்டு வைத்திருந்தாள். குடையை மறந்ததற்கும் உப்புக் கூடியதற்கும் அவர்கள் சண்டை பிடிக்கிற விதத்தைப் பார்த்தால் கலியாணம் முடித்து இருபது வருடமான ஆட்கள் மாதிரி இருக்கும்.

அடுப்படியில் நின்ற ஆசியா உம்மாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. சிரிப்பு அடங்கியதும் அஸ்ரியாவை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"புள்ள, நாளைக்கு அவளுகள் ரெண்டு பேருக்கும் குசினியில கோப்பையில போட்டுக் குடுத்திரு. சஹனுக்கு இருத்தாத. மாப்பிள்ள வீட்டு ஆக்கள் வாறாங்க. நப்லாட வாழ்க்க."

"றிஃப்னா பொண்ணுட ராத்தாதானே, மாமி."

"தெரியும். நான்தானே பெத்தன்." ஆசியா உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"சரி மாமி" என்றாள் அஸ்ரியா. கலியாண வீட்டுக்காரர் சொன்னதற்கு அவள் மாட்டேன் என்று சொன்ன பழக்கமில்லை.

மறுநாள் பகல் நிக்காஹ் முடிந்தது. பொண்ணு உடுத்தியிருந்த உடுப்பு றிஃப்னா தைத்தது. மணிகளை நஸ்லா கோத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பாய் விரித்ததும் றிஃப்னாவும் நஸ்லாவும் நடுப்பாயில் போய் உட்கார்ந்தார்கள். சொந்த வீடு, சொந்தத் தங்கச்சியின் கலியாணம். எங்கே உட்காருவது என்று கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

வந்த பெண்கள் பார்த்தார்கள், சிரித்தார்கள், அடுத்த பாய்க்குப் போனார்கள்.

அஸ்ரியா வாசலில் நின்று பார்த்தாள். சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். கிட்டப் போய்க் குனிந்தாள். றிஃப்னா அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டாள்.

"உம்மா குசினிக்கு வரச் சொன்னாவா, ராத்தா?"

நஸ்லா பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

"எழும்பு றிஃப்னா, போவம். எனக்கு வயிறு சரியில்ல."

அஸ்ரியா உட்கார்ந்துவிட்டாள். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. முழங்கால்தான் முதலில் மடிந்தது. நஸ்லாவின் பையைப் பிடித்துக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தட்டம் வைக்கிற இடத்தைப் பார்த்தபடி இருந்தாள். காது வரைக்கும் சிவந்திருந்தது.

சஹன் வைக்கிறவள் உட்கார்ந்ததும் பெண்கள் பக்கம் முழுக்க அப்படியே நின்றுபோயிற்று. சோறு போட்ட தட்டங்களை வைத்துக்கொண்டு நப்லாவின் கூட்டாளிமார் எங்கே போவது என்று தெரியாமல் குசினி வாசலில் விழித்தார்கள். றிஸானாதான் எழும்பி வந்தாள்.

"என்ன ராத்தா இது? நீங்க இருந்தா எங்களுக்கு ஆர் வைக்கிற?"

"இந்தத் தட்டத்துக்கு இன்னும் மூணு பேர் வேணும்" என்றாள் அஸ்ரியா. அவள் அவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நான் நேத்துச் சொன்னது சொன்னதுதான்."

"ஓம். நானும் அப்பிடித்தான் நினைக்கிறன். சோறு ஆறுது, இருங்க."

றிஸானா அபாயாவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நஸ்லாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். "சட்டத்துக்குத்தான் நான் மறுப்பு. சோத்துக்கில்ல" என்றாள். ஜெஸீமா கேட்காமலே வந்தாள். "கொஞ்சம் தள்ளுங்க. கோழிக்கால் பக்கம் எனக்கு."

ஐந்து பேர். ஆறாவது இடம் காலியாகக் கிடந்தது. மாப்பிள்ளையின் மாமி ஒருத்தி தன் பாயைவிட்டு எழும்பி, நடுப்பாய்க்கு எட்டத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். றிஃப்னா உம்மாவைப் பார்த்தாள். கூப்பிடவில்லை.

ஆசியா உம்மா மாப்பிள்ளையின் உம்மாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வந்த விருந்தாளியை விட்டுவிட்டுப் போவது மரியாதையில்லை. அவள் ஒரு அடி வைத்து நின்றாள். மாப்பிள்ளையின் உம்மா நடுப்பாயையும் பார்த்து அவளுடைய முகத்தையும் பார்த்தாள். "எங்கயாவது இருங்க, மச்சி. நீங்க இருந்தாத்தானே எங்களுக்கும் சோறு வரும்" என்றாள். அது பெருந்தன்மையா பசியா என்று இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது. ஆசியா உம்மா நேரே வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தட்டம் வந்தது.

சாப்பாட்டோடு கதையும் நடந்தது. "எங்களுக்குப் பந்தல் போட்டுக் கலியாணம் வேணாம்" என்றாள் நஸ்லா. "இவள் மூச்சடைச்சு வார்ட்டில கிடக்கக்குள்ள, நீ ஆரு எண்டு கேட்டாங்க. கூட்டாளி எண்டன். கூட்டாளிமார் நாளைக்கு வாங்க எண்டாங்க. அந்த இடத்தில சொல்ல ஒரு சொல் வேணும். அவ்வளவுதான்."

"அதுக்கு வேற வழி தேடலாம். நிக்காஹ் எண்ட சொல்ல எடுக்காதீங்க" என்றாள் றிஸானா.

"நீங்க தேடித் தாங்க. நாங்க எடுக்க மாட்டம்" என்றாள் றிஃப்னா.

றிஸானா அச்சாறை அவள் பக்கம் தள்ளினாள். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு சஹனில் எல்லாரும் முடிக்கும்வரைக்கும் ஒருத்தரும் எழும்புவதில்லை. கை கழுவுவதும் ஒன்றாகத்தான். மற்ற ஐந்து பேரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். அஸ்ரியா மட்டும் ஒவ்வொரு பிடியாகச் சேர்த்து, மெல்ல மெல்லச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கெண்டியில் தண்ணீர் கொண்டுவந்த பிள்ளை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். பக்கத்துப் பாய்கள் காலியாகின. மாப்பிள்ளை வீட்டார் போகிற வழியில் நின்று ஆசியா உம்மாவுக்கு ஸலாம் சொன்னார்கள். அவள் தன்னுடைய மூத்த மகளுக்கும் நஸ்லாவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள். எழும்ப முடியாதே, அஸ்ரியா இன்னும் முடிக்கவில்லை.

"ராத்தா இவ்வளவு மெல்லச் சாப்பிடுவாங்க எண்டு தெரியாமப் போச்சு" என்றாள் ஜெஸீமா.

"பழக்கமில்ல" என்றாள் அஸ்ரியா.

ஆசியா உம்மா தட்டத்தில் மிச்சமிருந்த நல்ல இறைச்சித் துண்டைப் பிய்த்தாள். பாதியை அஸ்ரியாவின் பக்கம் வைத்தாள். மற்றப் பாதியைக் கொஞ்சம் யோசித்து நஸ்லாவின் பக்கம் தள்ளிவிட்டு, "சாப்பிடு புள்ள, ராத்தா முடிக்கிறதுக்கு இன்னும் நேரமெடுக்கும்" என்றாள்.