ஐந்தேகால் அடிச் சுவர்

அரிசிக் கடைக்காரருக்கு ஒரு நிம்மதி உண்டு. கடைக்கு வருகிறவருக்கு எப்படியும் பசிக்கும். அலங்காரப் பொருள் விற்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. தண்ணீர் ஊற்றக்கூடாத ஜாடி, ஓடாத குதிரை, முகம் சரியாகத் தெரியாத கண்ணாடி ஆகியவற்றை நெய்வேலி டவுன்ஷிப் பஜாரில் இருபத்தெட்டு வருஷமாக விற்றுக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டு ஷோகேஸிலும் இப்படி ஏதாவது ஒன்று நின்றுகொண்டிருக்கும். இதை எதற்கு வாங்கினோம் என்று தூசி துடைக்கும்போது யோசித்திருப்பீர்கள். எதற்கு விற்றோம் என்று நானும் யோசித்திருக்கிறேன். கஷ்டம் இரண்டு பேருக்கும் பொது என்பதால், நினைவில் இருக்கிற சிலவற்றைச் சொல்கிறேன்.

டேப் இல்லாத கடை

இந்த டவுன்ஷிப்பில் வீடுகளைக் கட்டியது நிலக்கரிச் சுரங்கக் கம்பெனி. ஒரே டைப் என்றால் ஒரே வீடுதான். ஜன்னல், மாடம், சுவிட்ச் போர்டு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அதனால் என் கடையில் அளவு டேப் வைத்துக்கொண்டதில்லை. "டைப் டூ" என்று சொன்னால் போதும். ஹாலில் வாசல் கதவுக்கும் படுக்கையறைக் கதவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் ஐந்தேகால் அடி என்று எனக்கு மனப்பாடம்.

ஒரு நாள் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த இளம் தம்பதி வந்தார்கள். கணவர் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். மனைவி தங்க வண்ணச் சட்டம் போட்ட பெரிய கண்ணாடி ஒன்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வீடு எந்த டைப் என்று கேட்டுக்கொண்டு, "கதவுப் பக்கம் மாட்டாதீங்கம்மா, சுவிட்ச் போர்டு இடிக்கும். பெட்ரூம்ல கட்டிலுக்கு எதிர்ச் சுவர்ல மாட்டுங்க. அங்க மேல ஒரு விரிசல் இருக்கும், அதுவும் மறைஞ்சிடும்" என்றேன். உள்ளே வந்த கணவர் காதில் கடைசி இரண்டு வாக்கியம் மட்டும் விழுந்தது. போனை அணைத்தார். என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"நாங்க குடிவந்தே நாலு நாள்தான் ஆகுது. நீங்க எப்ப சார் எங்க பெட்ரூமுக்கு வந்தீங்க?"

சூரியன் வைத்த வீடு

எல்லா வீடும் ஒன்றுபோல இருப்பதால், தன் வீட்டுக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்கிற ஆசைதான் எனக்குச் சோறு போட்டது. ஒரு வருஷம் வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டுகிற சூரிய முகம் ஒன்று வரவழைத்தேன். பித்தளை போலத் தெரியும், பித்தளை இல்லை. வட்டம் இருபத்தொன்றிலிருந்து (இங்கே பிளாக்குக்கு வட்டம் என்று பெயர்) வந்த ஓர் அம்மாள், சுரங்க ஊழியரின் மனைவி, ஆசையாக வாங்கிப் போனார். பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, மறுவாரம் அதேபோல் ஒன்றை வாங்கித் தன் வாசலில் மாட்டிவிட்டார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் வியாபாரம் ஆகாது.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்த முதல் அம்மாளின் கணவர், சூரியனைப் பார்த்து வண்டியை நிறுத்தி, உள்ளே போய், சட்டையைக் கழற்றி, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு காபி கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாளும் மனுஷர் களைத்து வந்திருக்கிறாரே என்று போட்டுக் கொடுத்துவிட்டார். குடித்து முடித்த பிறகுதான் டம்ளர் வேறாக இருப்பதைக் கவனித்தாராம். மறுநாள் முதல் அம்மாள் சூரியனைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். வீடு மாறிப் போனதற்குத்தான் கோபம் என்று நினைத்தேன்.

"அது போவட்டுங்க. காபி பிரமாதம்னு சொல்லிட்டு வந்திருக்காரு! பதினேழு வருஷத்துல எங்கிட்ட ஒரு நாள் சொன்னதில்ல!"

எந்த வட்டம்?

ஆரோக்கியமேரி என்கிற பெண் முதல் தடவை வந்தது ஒரு டிசம்பர் மாதம். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து, டவுன்ஷிப்பில் நாலு வீடுகளில் பெருக்கித் துடைக்கிற வேலை செய்துவந்தார். அவருடைய கணவர் சவரிமுத்து சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை வாருகிற வேலை. அன்று அவரும் கூட வந்திருந்தார்; காலில் மண் இருக்கிறது என்று சொல்லிக் கடைக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"டைப் டூ ஹால்ல ஜன்னல் பக்கத்துல மாடம் இருக்குமே, அதுல வெக்க ஜோடியா ரெண்டு ஜாடி காட்டுங்கண்ணே" என்றார் மேரி. நான் வழக்கம்போல எந்த வட்டம் என்று கேட்டேன். "இன்னும் குடுக்கலண்ணே" என்றார். பெர்மனென்ட் ஆனவர்களுக்குத்தான் குவார்ட்டர்ஸ். சவரிமுத்துவின் பெயர் அடுத்த பட்டியலில் வரும் என்று யாரோ உறுதியாகச் சொல்லியிருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் இருந்தது ஓர் அறை வாடகை வீடு. வீடு கிடைத்ததும் வாங்கிக்கொள்ளலாமே, ஜாடி எங்கேயும் போய்விடாது என்றேன். வியாபாரிக்கு அழகில்லாத பேச்சுதான், வாயில் வந்துவிட்டது. மேரி ஒரு ஜாடியை எடுத்து, முந்தானையால் அதன் கழுத்தைத் துடைத்தார். அந்த வேலை தெரிந்த கை.

"நாலு வூட்டு ஜாடிய தொடைச்சிகினு இருக்கறவ, எங்கூட்டு மாடத்த காலியா வெச்சிகினு குடி போவனாண்ணே?"

நல்ல ரகம்

செயற்கை நெற்கதிர்க் கொத்து ஒன்று கொஞ்ச காலம் நன்றாகப் போனது. பிளாஸ்டிக்தான், பொன் நிறம் பூசியிருப்பார்கள். அதைக் கேட்டு ஒரு நாள் வளையமாதேவியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. சேத்தியாத்தோப்பில் புது வீடு கட்டியிருந்தார். மருமகள் எழுதிக் கொடுத்த சீட்டை என்னிடம் நீட்டினார்.

கொத்தைக் கையில் வாங்கியதும், சட்டென்று ஒரு மணியை உருவி வாயில் போட்டுக் கடித்தார். நான் தடுப்பதற்குள் நடந்துவிட்டது. பிறகு அதைத் துப்பாமல் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இரண்டு கொத்து கட்டச் சொன்னார்.

"தண்ணி கேக்காது, பூச்சி புடிக்காது, யூரியா போட வேணாம். நல்ல ரகம்தாங்க."

மயில்

மேரி மறுபடி வந்தது இரண்டு வருஷம் கழித்து. அந்தப் பட்டியலில் பெயர் வரவில்லை. அடுத்ததில் நிச்சயம் என்று சொல்லியிருந்தார்கள். கடைச் சுவரில் உலோக மயில் ஒன்று மாட்டியிருந்தேன். தோகையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும்; முழுதாக ஐந்தடி. அந்த மயிலுக்காக மேரி ஒரு சீட்டு போட்டு, எடுத்து, பணத்தை மஞ்சப்பையில் கொண்டுவந்திருந்தார். "அஞ்சேகால் அடி சொவுருல ரெண்டு பக்கமும் ஒண்ணர அங்குலம் மிஞ்சும், இல்லண்ணே?" என்றார். நான் சொல்ல வேண்டிய கணக்கு அது. வாடகை வீட்டில் மயில் எங்கே இருக்கும் என்று கேட்டேன். கட்டிலுக்கு அடியில், அட்டைப் பெட்டியோடு என்றார்.

அப்போது கல்லாவில் உட்கார்ந்திருந்த என் மனைவி கமலா பணத்தை எண்ணி உள்ளே போட்டாள். மத்தியானம் இலையில் சோறு போட்ட பிறகு, "என்னாங்க, இல்லாத வூட்டுக்கு மயில வித்துட்டு எப்படிங்க சோறு எறங்குது?" என்றாள். இறங்கத்தான் செய்தது. ஆனால் அடுத்த பட்டியல் வந்து, அதிலும் சவரிமுத்துவின் பெயர் இல்லை என்று கேள்விப்பட்டபோது எனக்கு மனசு சரியாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிகிற நேரம் பார்த்து முத்தாண்டிக்குப்பம் போனேன். கட்டிலுக்கு அடியில் பெட்டி பிரிக்காமல் இருந்தது. சவரிமுத்து அந்தக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பெல்ட் வேலையில் முதுகு பிடித்துக்கொண்டதாம். மயிலை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன், கொடுத்ததை முழுதாகத் தந்துவிடுகிறேன் என்று மேரியிடம் சொன்னேன். அவர் என்னைக் கையைப் பிடிக்காத குறையாக வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்து, கணவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"திருப்பிக் குடுத்துட்டா, அவருக்கு இனிமே ஆவாதுன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்ண்ணே. அது அவரு முதுவுக்குக் கீழயே இருக்கட்டும்."

கப்பல்

பணி ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பரிசு கொடுப்பதில் இந்த ஊரை மிஞ்ச முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் பாய்மரக் கப்பல் வைத்த பரிசு என் கடையில் நிற்கவே நிற்காது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பது பரிசு கொடுக்கிற யாருக்கும் நினைவு வருவதில்லை. முப்பத்தாறு வருஷம் சர்வீஸ் முடித்த ஒரு ஃபோர்மேன் ஒரு மாதம் கழித்து ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆட்டோ நிறையக் கப்பல். ஒவ்வொரு செக்‌ஷனும் ஒன்று கொடுத்திருக்கிறது. எல்லாம் என் கடைக் கப்பல்தான்.

வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார். மகனுடைய சென்னை ஃபிளாட்டில் ஒரு கப்பலுக்குக்கூட இடமில்லை என்று மருமகள் சொல்லிவிட்டாளாம். பழைய பொருளை நான் எடுப்பதில்லை என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. கப்பல்களை ஒவ்வொன்றாக என் கடைப் படியில் வரிசையாக இறக்கி வைத்தார்.

"சும்மாவே வெச்சுக்கய்யா. இவ்ளோ கப்பல வெச்சிகிட்டு கரை இல்லாம நிக்கிறேன்."

கொத்தனார் கேட்ட பிளான்

கமலா இறந்த மூன்றாவது வருஷம் ஒரு கொத்தனார் கடைக்கு வந்தார். தலையில் சிமென்ட் தூசி. பொம்மை வாங்குகிற ஆளாகத் தெரியவில்லை. "முத்தாண்டிகுப்பத்துல ஆரோக்கியமேரி வூட்டு வேல பாக்கறேங்க. ஹால் சொவுரு எத்தினி அடின்னு கேட்டா, பஜார்ல மயில் கடைக்காரர கேளுங்கன்னு அனுப்பிடுச்சி அந்தம்மா. வூட்டு பிளான் உங்ககிட்டதான் இருக்குதாம்" என்றார்.

விஷயம் அவரிடமிருந்துதான் தெரிந்தது. சவரிமுத்துவுக்கு வயது தாண்டிவிட்டது. இனிப் பட்டியலில் பெயர் வராது. மகள் நர்ஸ் வேலைக்குப் போன பிறகு, ஊரிலேயே ஒரு துண்டு மனை வாங்கியிருக்கிறார்கள். மனை குறுகல். கொத்தனார் ஹால் சுவரை நாலரை அடியில் முடிக்கப் பார்த்திருக்கிறார். மேரி அளவுக் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு விடவில்லையாம். நான் ஒரு அட்டையின் பின்பக்கம் டைப் டூ ஹாலை வரைந்து கொடுத்தேன். சுவர் ஐந்தேகால் அடி, ஜன்னல் பக்கம் மாடம், மாடத்தின் உயரம். சமையலறையில் முக்கால் அடி குறையும் என்றார் கொத்தனார். அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இருவது வருஷமா கரண்டி புடிக்கறேன். மனுசாளுக்குத்தான் வூடு கட்டியிருக்கேன். மயிலுக்குக் கட்டறது இதாங்க மொத தடவ."

மந்திரிப்பு

புது வீட்டை மந்திரிக்கிற அன்று காலையில், ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கச் சர்ச் சாமியார் வருவதற்கு முன்னால் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். துளைபோடும் மெஷினை எடுத்துக்கொண்டு போனேன். சவரிமுத்துவே பெட்டியைப் பிரித்தார். நாடாவை வெட்டாமல் நகத்தால் உரித்தார். இத்தனை வருஷம் கட்டிலுக்கு அடியில் இருந்ததில் தோகையில் இரண்டு இடத்தில் பச்சை உதிர்ந்திருந்தது. நான் ஏணியில் ஏற, அவர் கீழே பிடித்துக்கொண்டார். மயில் உட்கார்ந்தது, இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம். சவரிமுத்து எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "கெடைக்கல, இல்ல மேரி?" என்றார். மயிலைச் சொல்லவில்லை என்று அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். எனக்கு ஏணியை மடக்குகிற வேலை இருந்தது. மடக்கினேன்.

மேரி மாடத்தில் இரண்டு ஜாடிகளையும் வைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே, ஒரு ஜாடியைக் கால் அங்குலம் நகர்த்திக்கொண்டே பதில் சொன்னார்.

"கெடைச்சிருந்தா நீ ரிட்டையர் ஆவற அன்னிக்கு இதெல்லாம் கழட்டிகினு நின்னிருப்போம். இப்ப எவன் வந்து கழட்டச் சொல்லுவான், சொல்லுய்யா பாப்பம்?"

இதனால் என்ன உபயோகம் என்று கடைக்கு வந்து கேட்பவர்களிடம், அலங்காரப் பொருளால் ஒரு உபயோகமும் கிடையாது என்று இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். வியாபாரம் என்று வந்துவிட்டால் ஒன்றிரண்டு பொய் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.