பத்துப் பைசாவில் ஒரு குடும்பம்

கம்பைநல்லூர் வீட்டில் அப்பா இறந்த காலையில், நெற்றியில் வைக்க ஒரு ரூபாய்க் காசு தேவைப்பட்டது. வந்திருந்த எல்லோரிடமும் போன் இருந்தது, காசு இல்லை. சித்தப்பா மகன் அப்பாவின் தகரப் பெட்டியைத் துழாவி, விளிம்பு நெளிந்த பத்துப் பைசா ஒன்றை எடுத்து வந்தான். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் பொறித்த அலுமினியக் காசு.

தலைமாட்டில் அழாமல் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள். "அத வெக்காதீங்க. வெச்சீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

அவனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

சின்னக் குடும்பமாக இருந்தால் எல்லோருக்கும் சோறு கிடைக்கும் என்று சொல்ல, எழுபதுகளில் அரசாங்கம் வெளியிட்ட நினைவுக் காசு அது. நெருக்கடி நிலை வந்ததும் காசில் இருந்த படம் உத்தரவாகிவிட்டது. அப்பா அப்போது அரசு அலுவலகம் ஒன்றில் பியூன். கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் பிடித்து வரச் சொன்னார்கள். அவரால் ஒருவரைக்கூடக் கூட்டிப்போக முடியவில்லை. இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை.

"ஆளு கெடைக்கலன்னா நீயே படுத்துக்கய்யா. அதான் ரெண்டு இருக்குதில்ல?" என்றாராம் அதிகாரி.

அந்த இரண்டு, நானும் மூன்று வயதுத் தம்பியும். அப்பா படுத்துக்கொண்டார். அம்மாவிடம் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சலில் தம்பி போனான். இன்னொரு பிள்ளை வேண்டுமென்று அம்மா கோயில் கோயிலாக அலைந்தாள். ஒரு வருடம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குள் தேர்தல் வந்து ஆட்சியும் மாறியிருந்தது. ஊரில் வெடி போட்டார்கள். எங்கள் வீட்டில் ஒன்றும் மாறவில்லை. அதன்பின் இத்தனை வருடத்தில், "சோறு இருக்குதுங்க" என்பதைத் தவிர அம்மா அவரிடம் பேசி நான் கேட்டதே இல்லை.

டீக்கடையிலிருந்து வேறு காசு வந்தது. நான் மகள்; மகன் இல்லாததால் சித்தப்பா மகனே கொள்ளி வைத்தான்.

எல்லோரும் போனபின் கேட்டேன். "அந்தக் காசு பொட்டியில இருக்கறது உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும். ரெண்டு தடவ குப்பையில வீசினேன். ரெண்டு தடவயும் பொறுக்கி எடுத்தாந்துட்டாரு."

"எதுக்கு?"

"நான் கேக்கல கண்ணு." பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "கேட்டிருக்கலாம்" என்றாள்.

பிறகு அழ ஆரம்பித்தாள். தம்பி போனபின் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். என்னால் அதை நிறுத்த முடியவில்லை.