கம்பியில் குத்திய கடிதங்கள்

ராணுவத்தில் சேர உயரம் பத்தாமல் போனதால், பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டே ராணுவத்தினரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவன் நான். தொண்ணூறுகளில் என் புத்தகங்களைப் பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் வாங்கினார்கள். யாரைப் பற்றிய புத்தகமோ, அவரே வாங்கினார்.

ஐந்தாவது புத்தகத்துக்கு, எல்லைப் போரில் இறந்த ஒரு ஹவில்தாரைப் பிடித்தேன். அவர் மனைவி அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், படிக்கத் தெரியாது. கணவரின் நாற்பது சொச்சம் கடிதங்களை, எல்லார் வீட்டிலும் போல, வந்த வரிசையில் கொக்கிக் கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்தார். கடைசியாக வந்தது மேலே.

அதை வைத்துத்தான் புத்தகத்தை முடிப்பதாக இருந்தேன். அதற்குள் ஆராய்ச்சிப் புத்தி வந்துவிட்டது. முகாம்வாரியாகப் பிரிக்கலாமென்று அத்தனையையும் உருவித் தரையில் பரப்பினேன். ஹவில்தாருக்குத் தேதி போடும் பழக்கமில்லை, இடத்தை எழுத அனுமதியில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. தபால் முத்திரைகள் வெறும் மசி. வரிசை இருந்தது கம்பியில் மட்டும்.

மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்த அந்த அம்மாள் தரையைப் பார்த்தார்.

"மேல கெடந்தது எது அண்ணாச்சி?"

தெரியவில்லை என்றேன். தினமும் அதை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பாராம். திட்டவில்லை. திட்டியிருந்தால் பஸ் ஏறியிருப்பேன்.

அப்புறம் ஞாயிறுதோறும் போய் ஒவ்வொன்றாக வாசித்தேன். இது நடவு சமயத்தில் வந்தது, இது மாமியார் காய்ச்சலில் கிடந்தபோது வந்தது என்று சொல்லிச் சொல்லி அவர் கம்பியில் ஏற்றினார். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றில், செவலைக் கன்று நன்றாகக் குடிக்கிறதா என்ற விசாரிப்பு. மற்றதில், தன்னைக் கேட்காமல் வயலைக் குத்தகைக்கு விட்டதற்கு இரண்டு பக்கம் ஏச்சு.

குத்தகைக்கு விட்டது கன்று பிறப்பதற்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்டேன். அப்படிக் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அவர் ஏச்சுக் கடிதத்தை வாங்கிக் குத்தினார். அதற்கு மேல் கன்றுக் கடிதத்தைக் குத்தினார்.

"இதுதான் கடைசி. இப்படியே எழுதுங்க."

அப்படியே எழுதினேன். குத்தகைச் சீட்டு அதே ஊரில் யார் வீட்டிலோ இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். கேட்கவில்லை. புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் பாராட்டி யாராவது கடிதம் போட்டால், இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.