கயிறு கட்டிய ஜன்னல்

வேங்கிக்காலில் வீடு கட்டியபோது என் கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அண்ணாமலை உச்சியில் ஏற்றும் கார்த்திகை தீபத்தைக் கூடத்து சோபாவில் உட்கார்ந்தபடி பார்க்க வேண்டும். அதற்காக மலைப் பக்கச் சுவரில் பாதிக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவார். தண்ணீரெல்லாம் அப்புறம்தான்.

ஐப்பசியில் வடக்கேயிருந்து ஆறுமணிக் குருவிகள் வந்தன. பச்சை முதுகு, வாலுக்கு அடியில் சிவப்பு. அந்தியில் விசிலடிக்கும். கண்ணாடியில் தெரிந்த வானத்தையும் மரத்தையும் நிஜமென்று நம்பி ஒன்று மோதிச் செத்தது. கையில் எடுத்தபோது உடம்பில் சூடு ஆறவில்லை. எத்தனை ஊர் தாண்டி வந்தது, என் வீட்டு ஜன்னலிலா சாக வேண்டும்?

அவருக்கும் மனசு கேட்கவில்லை. கடைத்தெருவுக்குப் போய், கோரைப்பல்லும் முறுக்கு மீசையுமாக ஒரு திருஷ்டிப் படம் வாங்கிவந்து கண்ணாடியில் ஒட்டினார். மறுநாளே இன்னொரு குருவி அந்த மீசைக்குப் பக்கத்தில் மோதி விழுந்தது. அட்டைப்பெட்டியில் வைத்து மூடி நிழலில் விட்டேன். தெளிந்ததும் பறந்துவிட்டது.

“ஏங்க, குருவி நம்ம வீட்டப் பாத்து பொறாமையா படுது, திருஷ்டிப் படம் ஒட்டறீங்க?” என்று கேட்டேன்.

கைபேசியில் தேடிப் படித்தேன். கண்ணாடிக்கு வெளியே நெருக்கமாகக் கயிறு தொங்கவிட்டால், நுழைய வழியில்லை என்று குருவி விலகிவிடுமாம். எனக்குக் கோபம் வந்தால் வேலை நன்றாக ஓடும். துணி காயப்போடும் வெள்ளைக் கயிற்றை வாங்கி, நாலு விரல் இடைவெளியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டேன். அவர் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். முகம் சுருங்கிப்போனது.

“ஜெயில்ல உக்காந்த மாதிரி இருக்கு. தீபத்துக்கு எங்க அக்கா வராங்க. அவங்க ஒரு வார்த்த சொன்னாலும் அவுத்துடுவேன்.”

அவருடைய அக்கா ஒரு வார்த்தையோடு நிறுத்துகிறவர் இல்லை. தீபத்தன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்தவர், செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“என்ன தம்பி, இவ்ளோ பெரிய கண்ணாடி வெச்சிட்டு, அதுமேல கொடி கட்டி வெச்சிருக்க? துணி காயப்போடவா?”

“நாளைக்கு அவுத்துடறேன்க்கா” என்றார் என் கணவர், என்னைப் பார்க்காமலே. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அகலுக்கு ஊற்றிய எண்ணெய் பாதி தட்டில்தான் விழுந்தது.

ஆறு மணி நெருங்கியது. மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுவோம் என்பதால் கூடம் இருட்டாக இருந்தது. எல்லோரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது வேலியோரத்திலிருந்து ஒரு ஆறுமணிக் குருவி கிளம்பி, நேராக எங்களை நோக்கி வந்தது. அவருடைய அக்கா “ஐயோ!” என்று வாயைப் பொத்திக்கொண்டார். கயிற்றுக்கு ஒரு முழம் இருக்கும்போது அது சட்டென்று உடம்பைச் சாய்த்து, பக்கவாட்டில் வளைந்து போனது.

“திரும்பிடுச்சு! திரும்பிடுச்சு!” என் கணவர் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினார்.

அந்த நொடியில்தான் மலை உச்சியில் தீபம் எரிந்தது. கூடமே “அண்ணாமலையாருக்கு அரோகரா!” என்று முழங்கியது. எதைப் பார்க்க அந்த ஜன்னலை வைத்தாரோ அதைப் பார்க்காமல் அவர் தோட்டத்தில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கு! கறிவேப்பிலச் செடிக்கடியில நடக்குது!” வெளியிலிருந்து கத்தினார். “அக்கா, கயித்துல யாரும் கை வெக்கக் கூடாது!”

நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, தொண்டை கிழிய அரோகரா என்றேன்.