சைக்கிள் ஸ்டாண்டு பி.ஏ.

நெய்வேலியில் பூமிக்கடியில் கரி இருப்பதைக் கண்டுபிடித்த புண்ணியவான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். தனகோட்டியின் கோபத்தை முதலில் கண்டுபிடித்திருந்தால் இத்தனை பெரிய பள்ளம் தோண்டியிருக்க வேண்டாம். அவன் மூக்கு நுனியில் ஒரு ஒயரைச் சுற்றியிருந்தால் மதராஸ் பட்டணம் பூராவும் விளக்கெரிந்து, மிச்சச் சூட்டில் பண்ருட்டிக்காரர்கள் முந்திரி வறுத்திருப்பார்கள். இதை எழுதுகிறவன் எட்டாம் வகுப்போடு நின்றவன். தனகோட்டிக்குச் சித்தி மகன். அவன் வேலை பார்த்த ஸ்டாண்டிலேயே சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவன். அதனால் மற்றது முன்னே பின்னே இருந்தாலும் கோபத்தின் அளவு சரியாகவே இருக்கும்.

தனகோட்டி பிறந்த ஊர் இப்போது சுரங்கத்துக்குள் கிடக்கிறது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஈடாகப் பணம் வந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களுக்கு மண் சுமக்கிற கான்ட்ராக்ட் வேலை வந்தது. அவன் அம்மா சாமியம்மாள் மருதாசலம் கான்ட்ராக்டரிடம் மண் சுமந்தாள். அவன் பகலில் சிதம்பரம் போய்ப் படித்துவிட்டு, சாயங்காலம் அதே கான்ட்ராக்டரின் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தான்.

பி.ஏ. பாஸானதும் அவனுக்கு முதல் கோபம் வந்தது. காரணம், மருதாசலத்தின் பெருமை. கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த மனிதர். கார் வைத்த ஆபீசர் யார் வாசலைக் கடந்தாலும் நிறுத்தி, “நம்ம ஸ்டாண்டுல டோக்கன் குடுக்கறது பி.ஏ.ங்க சார்” என்பார். ஆபீசர் எட்டிப் பார்ப்பார். சந்தையில் ஆறு கால் கன்றுக்குட்டியைப் பார்க்கிற மாதிரிதான். தனகோட்டி தலையைத் தூக்காமல் டோக்கன்களை அடுக்குவான். காது மட்டும் சிவந்திருக்கும்.

இரண்டாவது கோபம் ஆனியில் வந்தது. மருதாசலம் அவனைத் தன் ஷெட்டுக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

“கண்ணு, இனி உனக்கு சைக்கிள் வேண்டாம். டைம்கீப்பரா வந்துரு. மாசச் சம்பளம். என்ர கம்பெனி இருக்கற வரைக்கும் நீ பர்மனென்ட்.”

நெய்வேலியில் அந்த ஒரு சொல்லுக்குப் பெண் கொடுப்பார்கள், கடன் கொடுப்பார்கள், பஸ்ஸில் இடம்கூடக் கொடுப்பார்கள். தனகோட்டி மயங்கவில்லை. “எவ்வளவோ பேரு இருக்காங்க. என்னை எதுக்குங்க?” என்று கேட்டான்.

“வெளியூர்க்காரனைப் போட்டா உங்க சனம் ஏமாத்திப்போடுது. கொழந்தைக்குக் காய்ச்சல்ங்குது, எளவுங்குது. எது நெசம், எது பொய்னு உனக்குத்தானே தெரியும்.”

டைம்கீப்பரின் வேலை இதுதான்: காலைச் சைரன் ஓய்வதற்குள் கேட்டுக்குள் கால் வைக்காத ஆளுக்கு அரை நாள் வெட்டு. வெட்டினாலும் முழு நாளும் மண் சுமக்க வேண்டும். நகரியத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் சைரனைக் கேட்டு அடுப்பை மூட்டுவார்கள். சாமியம்மாளின் கூட்டம் அதைக் கேட்டதும் ஓடும்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவன் வீட்டுக்குப் போனால், வாசலில் பலாப்பழம் வரிசையாக இருந்தது. அவனுக்கு முன்னால் சேதி வந்துவிட்டிருந்தது. சாமியம்மாளோடு மண் சுமக்கிற பெண்கள் ஆளுக்கொன்று தூக்கி வந்திருந்தார்கள்.

“எங்களயும் கொஞ்சம் பாத்துக்க தம்பி,” என்றாள் ருக்குமணி. “பச்சப்புள்ளக்காரி நானு. சைரனு ஓய்ஞ்சி ரெண்டு எட்டு வெச்சிருந்தா கண்ண மூடிக்க. நீ நம்ம வூட்டுப் புள்ள.”

அவர்கள் போகிற வரைக்கும் பொறுத்தான். பிறகு அம்மா மேல் பாய்ந்தான்.

“யாரக் கேட்டு வாங்கி வெச்ச?”

“நல்ல சேதிக்குக் குடுக்கறத வாணாம்னா சொல்லுவாங்க?”

“நாளைக்கு நீ லேட்டா வந்தா உன் பேருலயே நான் வெட்டு போடணும். தெரியுமா?”

சாமியம்மாள் சுளையைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். “போடு. எவன் எவனோ வெட்டறான். எம் புள்ள கையால போனா போவுது.”

அவன் பலாப்பழத்தை எட்டி உதைத்தான். அது உருளவில்லை. கால்தான் வீங்கியது. சாப்பிடாமல் எழுந்து நொண்டிக்கொண்டே ஷெட்டுக்குத் திரும்பிப் போனான். மருதாசலம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“சைரன் ஓய்ஞ்சா அரை நாள் கூலி போவும்னு எந்தச் சட்டத்துலங்க இருக்குது?”

மருதாசலம் சிரித்தார். “ஏங்கண்ணு, நீ சட்டமா படிச்சே?”

“இல்லீங்க. இனிமேதான் படிக்கணும்.”

அந்த நிமிஷம் வரைக்கும் அவனுக்கே அது தெரியாது. வாத்தியாராகலாம், சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதலாம் என்று நாளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தவன். டோக்கன் பெட்டியின் சாவியை வெற்றிலைத் தட்டில் போட்டுவிட்டு வந்தான். மருதாசலம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “உங்கம்மா என்ர கிட்டதான் மண்ணு சொமக்கறா, பாத்துக்கோ” என்றார்.  தனகோட்டி பல்லைக் கடித்த சத்தம் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது.

மதராஸ் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சர்க்கார் ஹாஸ்டலில் சோறும் கிடைத்தது. புறப்படுகிற காலையில் பெட்டியைச் சைக்கிளில் வைத்துக் கட்டப் போனால் இரண்டு சக்கரத்திலும் காற்றில்லை. மருதாசலத்தின் ஆட்கள் செய்த வேலை. வேறு யாருக்கு அந்தக் கெட்ட புத்தி வரும்? சாமியம்மாள் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். சைரன் ஊதியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பண்ருட்டி பஸ் கிளம்பிய பிறகுதான் சுரங்க வாசலுக்குப் போனாள். புது டைம்கீப்பர் அரை நாள் வெட்டினான்.

பொங்கல் லீவில் வந்த தனகோட்டி, நான் இதுவரைக்கும் எழுதியதைப் படித்தான். மூக்கு ஒயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பத்தியை மட்டும் இரண்டு தரம் படித்தான்.

“மருதாசலம் ஆளுங்களா செஞ்சாங்க?”

“ஆமாண்ணே.”

“அவனுங்களா இருந்தா டயரக் கிழிச்சிருப்பானுங்கடா. வால்வ் டியூப்ப மட்டும் நோவாம கழட்டிக்கினு போயி, நான் போன பின்னாடி திரும்ப மாட்டி, காத்தும் அடிச்சி வெச்சிருக்கான் ஒருத்தன். ஏண்டா வேணு, பஸ்ஸ வுட்டா நான் போவாம இருந்துடுவேன்னு பாத்தியா?”